அறுபத்து நாலில் முடியும் நம்பர்

அத்தியாயம் 5

கௌலத் அக்காவுக்குப் பசி வந்துவிட்டால் உலகத்தில் யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வரும். சாப்பிட்டு முடித்தால் எல்லோரும் நிரபராதி. அதனால் விசாரணைக்குப் போகிற இடத்தில் முதலில் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது, உதவியாளன் என்ற முறையில் என் முக்கியமான வேலை.

அன்றைக்குக் கஞ்சிக்கோட்டு பாங்கில் எங்களுக்கு ஒரு டோக்கன் மட்டும்தான் கொடுத்தார்கள். அஜய்க்கு நேரம் சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அஜய் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிற பையன். அதே கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருக்கும் சித்ராவை விரும்பினான். சித்ராவும் விரும்பினாள். இரண்டு வீடும் பேசி, வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்று தேதியும் வைத்தாகிவிட்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வருங்கால மாமியாருக்கு உதவி செய்யலாம் என்று அஜய் நினைக்கும்வரை.

மாமியார் பெயர் ராமலட்சுமி. மலைமேல் சக்குபள்ளத்தில் ஏலத் தோட்ட வேலை பார்த்து, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் குடியிருந்துவிட்டு, மகளுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் மூன்று வருடத்துக்கு முன்பு மலையிறங்கி எலப்புள்ளிக்கு வந்தவர். அவருடைய போனில் பாங்கு ஆப் போட்டுக் கொடுக்க மூன்று தடவை முயன்றும் ஓடிபி வராமல் போகவே, மலையில் ஆரம்பித்த அந்தக் கணக்கில் இப்போதைய போன் நம்பரைச் சேர்த்துவிடலாம் என்று அதே பாங்கின் கஞ்சிக்கோட்டுக் கிளைக்கு அஜய் தன் பைக்கில் அவரைக் கூட்டிப்போனான். கவுண்டரில் இருந்த நிமி என்கிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே ஒரு நம்பர் இருக்கே சேச்சி. கடைசியில அறுபத்து நாலு" என்றாள்.

ராமலட்சுமியின் நம்பர் பத்தொன்பதில் முடியும். அஜயின் நம்பர் அறுபத்து நாலில் முடியும்.

அந்த அம்மாள் திரும்பி வரும்போது பைக்கில் ஏறவில்லை. கஞ்சிக்கோட்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்து, நிச்சயம் கிடையாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். அழுது பார்த்து, கோபித்துப் பார்த்து, பட்டினி கிடந்தும் பார்த்த சித்ரா, கடைசியாக எங்கள் ஆபீஸ் படி ஏறினாள். ஆபீஸ் என்றால் பாலக்காடு மார்க்கெட்டில் கௌலத் அக்காவின் தம்பி கமால் நடத்தும் பேக் கடைக்கு மேல்மாடி. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை எப்படி, பெண் எப்படி என்று விசாரித்துச் சொல்வதுதான் எங்களுக்கு வாடிக்கையான தொழில். கல்யாணத்தைச் சேர்த்து வைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் சித்ராதான்.

எல்லோரையும் அக்கா பாங்குக்கே வரச் சொல்லியிருந்தார்.

"முழு நம்பரையும் சொல்லும்மா" என்றார் நிமியிடம்.

"ரூல் இல்ல மேடம். புது நம்பர் வேணும்னா சேச்சி அப்ளிகேஷன் தரட்டும், மாத்தித் தாரேன். பழசு என்னன்னு சொல்ல மாட்டேன்."

"எனக்குப் புது நம்பர் வேண்டாம், பழைய நம்பரு யாருதுன்னு தெரியணும்" என்றார் ராமலட்சுமி. "பணத்துல கைய வைக்கல. எல்லாம் அப்படியே இருக்கு. நிச்சயம் முடியட்டும்னு காத்திருக்கான்ல?"

"ஏனுங்க அத்தை, நான் எதுக்குங்க அப்படிப் பண்ணப்போறேன்?" என்றான் அஜய்.

"அத்தைங்காத!"

அக்கா கையிலிருந்த குடையைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். பாங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இங்க யாருக்காவது அறுபத்து நாலில் முடியற போன் நம்பர் உண்டா? ஒரு சமாச்சாரம் இருக்கு, சொல்லுங்க."

வாசலில் நின்ற வாட்ச்மேன் ஜோஜோ தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். கிசான் பணம் வாங்கும் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், தன்னுடையது நாற்பத்தாறு, திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"பாத்தீங்களா? நூறு பேர் கூடற இடத்துல ஒருத்தருக்கு அறுபத்து நாலு இருக்கத்தான் செய்யும். அஜயைச் சம்சயிக்கணும்னா ஜோஜோவையும் சம்சயிக்கணும்."

"ஜோஜோ எம்பொண்ணைக் கேட்டு வரலையே" என்றார் ராமலட்சுமி.

அக்கா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

எலப்புள்ளியில் ராமலட்சுமியின் வீட்டுக்குப் போனோம். அஜயை உள்ளே விடவில்லை. அவன் கேட்டுக்கு வெளியே பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். சித்ரா கேட் கம்பி வழியாக அவனுக்கு மோர் கொடுத்தாள். அம்மா பார்க்காத மாதிரி கொடுத்தாள், அம்மாவும் பார்க்காத மாதிரி இருந்தார். கோபம் இன்னும் கல்லாகிவிடவில்லை என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"பாங்கிலேருந்து மெசேஜ் ஏதும் வருமா?" என்றார் அக்கா.

"லயத்துல இருக்கையில வந்துக்கிட்டே கெடக்கும். இங்கிட்டு வந்த பெறகு ஒண்ணுகூட வரல. அது மலைமேல இருக்கிற பாங்கு, இங்கன வரைக்கும் எட்டாதுபோலன்னு விட்டுட்டேன்."

"அப்போ மெசேஜ் நின்னது மூணு வருஷம் முன்ன. சித்ராவுக்கு அஜயைத் தெரிஞ்சதே போன வருஷம்தானே?"

"அப்ப ரொம்ப நாளாவே திட்டம் போட்டிருக்கான்!"

நான் சிரித்துவிட்டேன். அக்கா முறைத்தார்.

"பழைய நம்பர் ஞாபகம் உண்டா?"

"அதெப்படி இருக்கும்? எனக்கு நானே போன் போட்டுக்கிடப் போறேனா?"

"அந்த சிம் எங்க?"

"அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கும்" என்றவர், அடுப்பில் பால் பொங்கவும் எழுந்து ஓடினார். அக்காவும் பின்னாலேயே அடுக்களைக்குப் போனார். பாலுக்காகத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மலையிலிருந்து என்னென்ன வந்திருக்கிறது என்று மூலை மூலையாகப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஆட்டுக்கல் இல்லையா?"

"மிக்ஸிதான். கல்லை லயத்துலயே வச்சிட்டு வந்துட்டேன். அது எங்க கல்லு இல்லம்மா, நாலாம் நம்பர் வீட்டோட கல்லு. அடுத்து வர்றவுகளுக்கு வேணும்ல?"

அக்காவின் புருவம் ஏறியது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டால் கதை எப்படி நகரும் என்று நினைப்பாரோ என்னவோ.

அடுத்தது பக்கத்துத் தெருவில் அஜய் வீடு. அவன் அம்மா ராமாத்தாள் தட்டு நிறைய பிஸ்கெட், முறுக்கு, காப்பி என்று வைத்தார். அக்காவின் முகம் மலர்ந்தது. இந்த வீட்டில் எல்லோரும் நிரபராதி ஆகிக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க பரம்பரையா எலப்புள்ளிங்க. சொந்த பூமி, சொந்த ஊடு. இந்த ஊரைத் தாண்டி ஒருத்தர்கிட்டக் கைகட்டி வேலைக்குப் போனதில்லீங்க. எம்பையன் எதுக்குங்க அந்தம்மா கணக்குல போய் நம்பரை வெக்கோணும்?"

"நாளைக்குச் சக்குபள்ளம் போறோம்" என்றார் அக்கா, முறுக்கைக் கடித்தபடி. "ராமலட்சுமியக்கா இருந்த லயத்துக்கு."

ராமாத்தாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். வாசல்வரை வந்த அஜய், குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் சொன்னான்.

"நான் அந்தப் பக்கம் போனதே இல்லீங்கண்ணா. அட்டை ஏறும், உப்பைத் துணியில கட்டி எடுத்துக்குங்க. நாலாம் நம்பர் ஊட்டுல மூணாவது படி ஆடும், பாத்து மிதிங்க."

நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாலக்காட்டிலிருந்து சக்குபள்ளம் போக வேண்டுமானால் எங்களுக்குச் சுலபமான வழி, கேரளாவை விட்டு வெளியே போவதுதான். பொள்ளாச்சி, உடுமலை, கம்பம் என்று தமிழ்நாட்டுக்குள் பாதி நாள் சுற்றி, கம்பம்மெட்டு ஏறி மறுபடியும் கேரளாவுக்குள் நுழைய வேண்டும். ஜீப்பில் எனக்கு இரண்டு பக்கமும் ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்கள். அக்காவுக்கு முன்சீட். வளைவுக்கு வளைவு நான் யார் மடியில் விழுந்தேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஜீப்பை விட்டு இறங்கி, ஏலச்செடிகளுக்கு நடுவே ஈரத்தில் நடந்தோம். அட்டை ஏறியது. உப்பு உதவியது. லயத்தில் நாலாம் நம்பர் வீட்டைக் கண்டுபிடித்து, நான்தான் முதலில் ஏறினேன். முதல் படி, இரண்டாவது படி, மூன்றாவது படியில் கால் வைத்தேன். படி ஆடியது. நான் கோழிக் கூட்டின் மேல் போய் விழுந்தேன்.

அக்கா சிரித்தார். ஒரு மனிதன் விழுந்ததற்காகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. துப்பு கிடைத்துவிட்டால் மட்டும் வருகிற சிரிப்பு.

"யாரு அது கோழிக் கூட்டுல?" கையில் கரண்டியோடு ஒரு பெண் வெளியே வந்தார். பெயர் முத்துப்பேச்சி. பின்னாலேயே பனியனோடு கணவர் மொக்கையன்.

வாசல் ஓரத்தில் ஆட்டுக்கல் இருந்தது. அதற்கு நேர் மேலே ஜன்னல் கம்பியில், பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு பழைய பட்டன் போன் தொங்கியது.

"இந்த போன் யாரோடது?" என்றார் அக்கா.

"எங்களதுதான். சிம்மு வீட்டோடது."

"வீட்டோடதுன்னா?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல முத்துப்பேச்சி எங்களைப் பார்த்தார். "இந்த லயத்துல வேற கம்பெனி சிம்முக்கு டவர் எடுக்காது. எடுக்கிறதும் இந்த ஜன்னல்ல மட்டுந்தான். காலையில எந்தக் காட்டுக்கு வேலைன்னு சூப்பர்வைசர் இந்த நம்பருக்குத்தான் அடிச்சுச் சொல்லுவாரு. அவரு போன்ல எங்க பேரு கெடையாது, 'நாலாம் நம்பர் வீடு'ன்னுதான் இருக்கும். காலி பண்ணிப் போறவுக ஆட்டுக்கல்லு, தண்ணி டிரம்மு, கோழிக் கூடு, சிம்மு எல்லாத்தையும் வச்சிட்டுத்தான் போகணும். தூக்கிட்டுப் போனா திருட்டுல்ல?"

எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. ராமலட்சுமி பாங்கில் கணக்கு ஆரம்பித்தபோது கையில் இருந்த நம்பரைக் கொடுத்திருக்கிறார். மலையிறங்கும்போது நியாயமாக, ஒழுக்கமாக, ஆட்டுக்கல்லோடு சேர்த்துத் தன் பாங்குக் கணக்கின் சாவியையும் அடுத்த குடித்தனத்துக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறார். அது திருட்டாகிவிடும் என்ற பயத்தில்!

"பாங்கிலேருந்து மெசேஜ் வருமா?" என்றேன்.

முத்துப்பேச்சி பதில் சொல்வதற்குள் மொக்கையன் முன்னால் வந்தார். கண்ணில் ஒரு பதற்றம். "அதைப் பத்தி எதுக்குக் கேக்குறீக?"

"சும்மா சொல்லுங்க."

"ஆறு நம்பரு வரும். இந்த மாசம் மூணு தடவ வந்துச்சு." அவர் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கடைசி நாலு நம்பரு ஒத்துவர்ற லாட்டரிச் சீட்டாத் தேடித் தேடி வாங்குவேன். ஒரு தடவ விழுந்துச்சுங்க! யாரோ நமக்கு வேண்டப்பட்டவுக அனுப்புறாகன்னு நெனச்சேன். யாருக்கும் சொல்லாதேன்னு வேற இங்கிலீசுல போட்டிருக்கும், அந்த அளவுக்கு எனக்குப் படிக்கத் தெரியும். அதான் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல."

"என்ன, லாட்டரியா?" என்றார் முத்துப்பேச்சி. கரண்டி திசை மாறியது.

அஜய் மாமியாரின் போனில் பாங்கு ஆப் போட்டுக் கொடுக்க முயன்று முயன்று தோற்றபோதெல்லாம், ஓடிபி மலையேறி வந்து மொக்கையனுக்கு லாட்டரி நம்பராகியிருக்கிறது. இந்தியாவிலேயே ஓடிபியை இவ்வளவு கண்ணியமாகக் காப்பாற்றிய மனிதர் வேறு யாரும் இருக்க மாட்டார்.

"கேஸ் முடிஞ்சதுங்கக்கா. அஜய் நிரபராதி. பஸ்ஸைப் பிடிச்சா சாப்பாட்டுக்குக் கம்பம் போயிரலாம்" என்றேன்.

"இரு. நம்பரைச் சரிபாக்கணும்."

நம்பர் முத்துப்பேச்சிக்கும் தெரியவில்லை. அக்கா அந்தப் பட்டன் போனை வாங்கி, நல்லவேளையாக அதே கம்பெனி சிம் போட்டிருந்த தன் போனையும் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். அக்காவின் போனில், கூப்பிடுகிற நம்பரை மற்றவர்கள் என்ன பெயரில் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டுகிற ஆப் உண்டு. எங்கள் தொழிலுக்கு அது சாப்பாட்டுத் தட்டு மாதிரி. போன் அடித்தது. நம்பர் அறுபத்து நாலில்தான் முடிந்தது. நான் கை தட்டப் போனேன்.

அதற்கு மேலே பெயர் வந்தது. 'ராமாத்தா எலப்புள்ளி'.

தட்டப் போன கை அப்படியே நின்றுவிட்டது. "அக்கா! அஜய் அம்மாவுங்களா? நாம குற்றவாளி ஊட்டுல முறுக்குத் தின்னுட்டு வந்துட்டோமுங்களா?"

"மூணாவது படி ஆடும்னு போகாத ஊருக்கு ஒருத்தன் வழி சொன்னானே, அப்பவே நீ யோசிச்சிருக்கணும். கோழிக் கூட்டுல விழுந்தப்பவாவது யோசிச்சிருக்கணும்" என்றார் அக்கா.

சனிக்கிழமை காலை ராமலட்சுமியையும் சித்ராவையும் கூட்டிக்கொண்டு ராமாத்தாள் வீட்டுக்குள் நுழைந்தோம். மறுபடியும் முறுக்குத் தட்டு வந்தது. அக்கா அதைத் தொடவில்லை. அஜய்க்கு வேர்த்துவிட்டது.

அக்கா மீதியிருந்த உப்பு முடிச்சைத் தட்டின் பக்கத்தில் வைத்தார். "அட்டை ரொம்ப. நீங்க இருந்தப்பவும் இப்படித்தானா?"

ராமாத்தாள் உப்பைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப ரெண்டு வருசமா மழையே இல்லீங்க. பூமி காஞ்சு போச்சு. இவனை எங்கண்ணன் ஊட்டுல படிக்க உட்டுப்போட்டு, நானும் இவங்கப்பாவும் மலைக்குப் போனமுங்க. லீவுக்கு மட்டும் வருவான். வேலைக்குப் போனது தெரிஞ்சா சம்பந்தம் பேசற எடத்துல எளக்காரமாப் பேசுவாங்கன்னு, வெளிய சொல்லக் கூடாதுன்னு நான்தான் இவன்கிட்டச் சத்தியம் வாங்குனேன். கம்பத்துல திருவிழாக் கடையில சோடியா சிம் குடுத்தாங்க. கடைசி ரெண்டு நம்பர் ஒரே மாதிரி இருக்கும். அவரோடது இப்ப பையன்கிட்ட இருக்குது. என்னோடது..."

"நாலாம் நம்பர் வீட்டுல" என்றார் அக்கா. "நீங்க வெச்சிட்டு வந்தீங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குக் குடி வந்தது ராமலட்சுமியக்கா."

"நான் சொன்னேன்ல?" ராமலட்சுமி துள்ளி எழுந்தார். "அவன் வீட்டு நம்பருதான்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல? யாராவது கேட்டீகளா?"

சித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொய் சொன்ன குடும்பம் என்று இந்த அம்மாள் இப்போது எழுந்து போய்விட்டால், நாங்கள் கண்டுபிடித்ததே அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தியதாகிவிடும்.

ராமலட்சுமி போகவில்லை. ராமாத்தாளின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோபம் பாதி, என்னவென்று சொல்லத் தெரியாதது பாதியாக ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ஆட்டுக்கல்லு... குழவி ஒரு பக்கமாத்தான சாயும்?"

"ஆமாங்க. முட்டுக் குடுத்துத் தள்ளிச் சுத்தோணும். இல்லாட்டி மாவு பூரா வெளிய வந்துரும்."

"எனக்கு அது தெரிய ஒரு வருசமாச்சு. எத்தன நாளு மாவு மண்ணுல போச்சு தெரியுமா? காலி பண்ணிப் போனவ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலையேன்னு ஒன்னைய நான் திட்டாத திட்டு இல்ல." அவர் கண் கலங்கிவிட்டது. "ஏலக்காட்டுல நின்ன கையை எதுக்குச் சம்பந்தி ஒளிச்சு வைக்கணும்? நானும் அங்கன நின்னவதானே?"

ராமாத்தாள் அழுதுவிட்டார். ராமலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். அதைப் பார்த்ததும் அக்காவும் ஒன்று எடுத்துக்கொண்டார். நிச்சயம் நிச்சயமாகிவிட்டது என்று புரிந்து நானும் எடுத்தேன்.

அன்றைக்கு பாங்கு திறந்திருந்தது. எல்லோருமாகக் கஞ்சிக்கோட்டுக்குப் போனோம். ராமலட்சுமி இந்தத் தடவை அஜயின் பைக்கில் வந்தார். வாட்ச்மேன் ஜோஜோ, தன்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

நிமி புது நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். "இப்ப உங்க போனுக்கு ஓடிபி வரும் சேச்சி. சொல்லுங்க."

மூன்று வருடத்துக்குப் பிறகு ராமலட்சுமியின் போனுக்கு பாங்கிலிருந்து முதல் மெசேஜ் வந்தது. சித்ரா எட்டிப் பார்த்து, அதில் என்ன போட்டிருக்கிறது என்று தமிழில் படித்துச் சொன்னாள். அந்த அம்மாள் போனை உடனே நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"யாருக்கும் சொல்லாதேன்னுல்ல போட்டிருக்கு? மலைமேல மொக்கையன் பொண்டாட்டிக்கே சொல்லலையாம்."

"எனக்குச் சொன்னாத்தானே சேச்சி மாத்த முடியும்?" நிமி கெஞ்சினாள்.

கடைசியில் அக்கா ஒரு வழி சொன்னார். நிமி எழுந்து திரும்பி நின்றுகொண்டாள். ராமலட்சுமி கவுண்டருக்குள் கையை விட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தானே அமுக்கத் தொடங்கினார். நாலாவது எண்ணில் விரல் தடுமாறியது. உதவி செய்யப் பிறந்த அஜய் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"குடுங்க அத்தை, நான் போட்டுத் தர்றனுங்க."

ராமலட்சுமி முந்தானையால் போனை மூடிக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்குப் பொண்ணைத் தாரேன் மாப்ள. ஓடிபியைத் தர மாட்டேன்."